குளோரின் நீர் விட்டதும் அயோடின் நிறம் வந்தது, அப்புறம் காணாமல் போனது. எங்கே தப்பு?

நீலலிட்மஸ்:
எல்லோருக்கும் வணக்கம். உப்பீனிகளின் (குளோரின், புரோமின், அயோடின் குடும்பம்) இடப்பெயர்ச்சி வினையை, அதாவது வலுவான உப்பீனி மற்றொன்றை அதன் உப்பிலிருந்து வெளியேற்றுவதை, செய்து பார்த்தேன். ஒரு சோதனைக் குழாயில் பொட்டாசியம் புரோமைடு, இன்னொன்றில் பொட்டாசியம் அயோடைடு. இரண்டும் 0.02 மோலார் கரைசல், தலா 1 மில்லி. மேலே கொஞ்சம் ஹெக்ஸேன் (தண்ணீரோடு கலக்காமல் மிதக்கும் கரிமக் கரைப்பான்). பிறகு இரண்டிலும் குளோரின் நீர் விட்டேன்.

புரோமைடு குழாயில் பாடத்தில் படித்தது அப்படியே நடந்தது. ஏழெட்டுத் துளி விட்டுக் குலுக்கியதும் ஹெக்ஸேன் அடுக்கு ஆரஞ்சாகிவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன். அயோடைடு குழாயில் முதலில் கீழே பழுப்பு வந்தது. குலுக்கினால் மேலே அருமையான ஊதா. இன்னும் அடர்த்தியாக வரட்டுமே என்று குளோரின் நீரை மேலும் ஊற்றினேன். ஊதா வெளிறியது, நடுவில் ஒரு மங்கலான ஆரஞ்சு தெரிந்தது, கடைசியில் இரண்டு அடுக்குமே பச்சைத் தண்ணீர் போல ஆகிவிட்டன. மூன்று முறை செய்தும் இதே கதைதான்.

அந்த ஆரஞ்சைப் பார்த்தால் அயோடைடு உப்பில் புரோமைடு கலந்திருக்குமோ என்று தோன்றுகிறது. இல்லை, அயோடின் ஆவியாகிப் போய்விட்டதா? ரெக்கார்டில் என்னவென்று எழுதுவது?

மோல்கணக்கு:
மொத்தம் எவ்வளவு ஊற்றினீர்கள்? கண்ணளவா? அதைவிட முக்கியம், அது குளோரின் வாயுவை நீரில் கரைத்ததா, அல்லது துணி வெளுக்கும் திரவமா? வெளுப்புத் திரவம் காரத்தன்மை கொண்டது. காரத்தில் அயோடின் தானாகவே அயோடைடாகவும் அயோடேட்டாகவும் (ஆக்சிஜன் சேர்ந்த அயோடின் அயனி) பிரிந்து நிறத்தை இழந்துவிடும். அப்படியானால் காரணமே வேறு. வெளுப்புத் திரவம் என்றால் தயவுசெய்து அதில் அமிலம் விட்டுச் சோதிக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

நீலலிட்மஸ்:
வாயுவைக் கரைத்ததுதான், அன்று காலையில் தயாரித்தது. நீல லிட்மஸ் தாளை விட்டதும் சிவந்தது, உடனே வெளுத்தும் போனது. அளவு பார்க்கவில்லை, 3 மில்லி இருக்கும்.

பழையகுடுவை:
உப்பில் கலப்படம் இல்லை தம்பி, அயோடினும் பறந்துபோகவில்லை. குளோரின் நீரை அதிகமாக விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

"குளோரின் அயோடினை வெளியேற்றும்" என்று படித்துவிட்டு, வினை அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். குளோரினுக்கு அப்படி நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வெளிவந்த அயோடினிடமிருந்தும் எலக்ட்ரானைப் பறித்து அதை அயோடேட்டாக்கிவிடும். அயோடேட்டுக்கு நிறம் கிடையாது. திட்ட மின்முனை அழுத்தத்தை (எலக்ட்ரானைப் பறிக்கும் வலுவின் அளவு) பாருங்கள்: குளோரினுக்கு 1.36 வோல்ட், அமில ஊடகத்தில் அயோடேட்-அயோடின் இணைக்கு ஏறக்குறைய 1.20. குளோரின் மேலே இருப்பதால் வினை நடக்கும். புரோமேட்-புரோமின் இணையோ 1.5 வோல்ட் பக்கம் இருக்கிறது, அங்கே குளோரினின் பருப்பு வேகாது. அதனால் புரோமைடு குழாயில் அளவு மீறினாலும் ஆரஞ்சு வெளிர் மஞ்சளாகும் (புரோமின் குளோரைடு), அயோடினைப் போல அடியோடு அழியாது.

இப்போது துளிக் கணக்கு. உங்கள் குழாயில் இருந்தது 0.02 மில்லிமோல் அயோடைடு. அது முழுவதும் அயோடினாக 0.01 மில்லிமோல் குளோரின் போதும். அயோடேட் வரை போக 0.06 வேண்டும். புதிதாகச் செய்த நிறைவுற்ற குளோரின் நீர் அறை வெப்பநிலையில் சுமார் 0.1 மோலார். ஒரு துளியை 0.05 மில்லி என்று வைத்தால், 2 துளியில் நிறம் உச்சத்துக்குப் போகும், 12 துளியில் தீர்ந்துவிடும். நீங்கள் விட்ட 3 மில்லி என்பது 60 துளி!

மோல்கணக்கு:
அந்த நடுவழி ஆரஞ்சு அயோடின் மோனோகுளோரைடாக இருக்கும். அதைப் பார்த்துப் புரோமின் என்று நினைத்ததற்காக வெட்கப்பட வேண்டாம். 1826-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பலார் புரோமினைக் கண்டுபிடித்ததாக அறிவிப்பதற்கு முன்பே ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் கைக்கு அது வந்திருந்தது. அவர் அதை அயோடின் குளோரைடு என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டார். நீங்கள் அதே தவறைத் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள்.

சாம்பல்பூனை:
அயோடேட்தானா என்று பார்ப்பது சுலபம். நிறமிழந்த கரைசலில் கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு விடுங்கள். அமிலம் ஏற்கெனவே இருப்பதால், ஓர் அயோடேட் ஐந்து அயோடைடுடன் சேர்ந்து மூன்று அயோடின் மூலக்கூறுகளைத் தரும். பழுப்பு திரும்பி வந்தால் அயோடேட் இருக்கிறது.

பழையகுடுவை:
இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மிச்சமிருக்கும் குளோரினும் அந்த அயோடைடைப் பழுப்பாக்குமே! முதலில் குளோரினை விரட்ட வேண்டும். ஹெக்ஸேன் அடுக்கைத் துளியூட்டியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அது எளிதில் தீப்பிடிக்கும். நீர் அடுக்கை ஃபியூம் ஹூட்டுக்குள் (நச்சு வாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், பர்னர் வேண்டாம். ஈரமான ஸ்டார்ச்-அயோடைடு தாளைக் குழாயின் வாயில் பிடித்தால் நீலமாகாத நிலை வர வேண்டும். பக்கத்திலேயே அயோடைடு இல்லாமல் வெறும் நீரும் குளோரின் நீரும் கலந்த குழாய் ஒன்றையும் இதே பாடு படுத்துங்கள். இரண்டிலும் அயோடைடு விட்டு ஒப்பிட்டால்தான் பேச்சு.

இன்னொன்று. நீங்கள் தப்பு என்று நினைப்பதை உப்புப் பகுப்பாய்வில் வேண்டுமென்றே செய்வார்கள். புரோமைடும் அயோடைடும் கலந்த உப்பில் குளோரின் நீரைத் துளித்துளியாக விட்டால் முதலில் ஊதா அடுக்கு வரும். தொடர்ந்து விட்டால் ஊதா அழிந்து, அதுவரை மறைந்திருந்த புரோமினின் ஆரஞ்சு வெளியே தெரியும். உங்கள் குழாயில் கடைசியில் ஆரஞ்சு நிற்கவில்லையே, அதுவே உப்பில் சொல்லும்படியான புரோமைடு இல்லை என்பதற்குச் சாட்சி.

நீலலிட்மஸ்:
செய்து பார்த்தேன். குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்துத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குலுக்கினேன். ஊதா அடர்ந்தது 4-ஆவது துளியில். 5-ஆவதிலிருந்து சரிவு. முழுக்கப் போனது 23-ஆவது துளியில். நீங்கள் சொன்ன 2, 12 வரவில்லை. சூடாக்கிய பிறகு அயோடைடு விட்டதும் பழுப்பு குபீரென்று வந்தது, வெறும் குழாயில் ஒன்றும் வரவில்லை.

இன்னொரு கேள்வி: இதே இடத்தில் புளூரின் இருந்தால்?

மோல்கணக்கு:
4-க்கு 23, கிட்டத்தட்ட 1-க்கு 6. கணக்கு சரிதான், உங்கள் குளோரின் நீர்தான் பாதி வலுவில் இருக்கிறது. திறந்து மூடும்போது வாயு போகும், வெளிச்சத்திலும் மெல்லச் சிதையும். பழுப்புப் புட்டியில் வையுங்கள்.

புளூரினை இப்படிச் சோதிக்க முடியாது, அது முதலில் தண்ணீரையே தாக்கிவிடும். எலக்ட்ரான் நாட்டத்தில் (ஓர் அணு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) குளோரின்தான் முந்தி (மோலுக்கு 349 கிலோஜூல், புளூரினுக்கு 328). ஆனாலும் புளூரினின் பிணைப்பை உடைக்க 158 கிலோஜூல் போதும், குளோரினுக்கு 242 வேண்டும். சின்னஞ்சிறு புளூரைடு அயனியை நீர் இறுகப் பற்றிக்கொள்வதும் சேர்ந்து புளூரினை 2.87 வோல்ட்டுக்கு ஏற்றிவிடுகிறது.

பழையகுடுவை:
ரெக்கார்டில் துளி எண்ணிக்கையோடு எழுதுங்கள், அது உங்கள் சொந்தத் தரவு. எடுத்து வைத்த ஹெக்ஸேனைச் சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள், கரிமக் கழிவுப் புட்டியில் ஊற்றுங்கள்.