எல்லாம் விதிப்படிதான் இருந்தது, முன்சக்கரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை

பதினைந்து வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கடைசி ஆறு வருடமாக, கட்டடங்களுக்குப் போய் எங்கே இடிக்கிறது, எங்கே எட்டவில்லை என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு.

போன மாதம் ஒரு புது அலுவலகக் கட்டடம். "எல்லாம் விதிப்படி கட்டியிருக்கோம் சார், நீங்க ஒரு தடவை பார்த்து சரின்னு சொன்னா போதும்" என்றார் கூப்பிட்டவர். டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் பெரும்பாலும் எங்கள் ஞாபகம் வரும்.

ரேம்ப், அதாவது சாய்வுப் பாதை, 1:12: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். வாசல் 600 மி.மீ. உயரம், அதற்கு 7.2 மீட்டர் நீளம். டேப் வைத்துப் பார்த்தேன், குறையே இல்லை. ஆனால் அடியில், மழைநீர் வடிய ஒரு இரும்புக் கிராதி. கம்பிகள் நான் போகும் திசையிலேயே நீளவாக்கில். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, ஒல்லி. இடைவெளியில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. நல்லவேளை, நான் விழவில்லை. ரேம்ப் ஒருவர் வரைந்த தாளில், கிராதி வடிகால்காரர் தாளில். இரண்டையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் என் முன்சக்கரம்தான். கம்பி குறுக்கே வரும்படி திருப்பி, இடைவெளியை 13 மி.மீ.க்குள் வைத்தால் வேலை முடிந்தது. வரைபடத்திலேயே சொல்லியிருந்தால் தரையை உடைத்திருக்க வேண்டாம்.

கழிப்பறையில் நாற்காலி திரும்ப 1500 மி.மீ. வட்டம் விட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு குப்பைத்தொட்டி, அதுவும் காலால் மிதித்துத் திறப்பது! உதவிக்கு இழுக்கும் சிவப்புக் கயிறு தரைவரை தொங்க வேண்டும், விழுந்தவன் கைக்கு எட்டத்தானே அது. கழுவும்போது நனைகிறது என்று துப்புரவு செய்பவர் அதை மேலே சுருட்டி முடிச்சுப் போட்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அது எதற்கென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சைட் இன்ஜினியர் நல்ல பையன். "நான் பத்து நிமிஷம் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். பத்து நிமிடம் உட்காருபவருக்குத் தெரிவது பயம். எனக்குப் பயமெல்லாம் போய் நாளாச்சு, எனக்கு இருப்பது தோள்வலி. அதனால் என் பின்னால் நடந்து வரச் சொன்னேன், தள்ளக் கூடாது, கதவைப் பிடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு கதவை மூன்று தடவை முயன்று திறந்தேன். கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அன்று மாலையே கதவுகளைத் தானாக இழுத்து மூடும் டோர் குளோசர் எல்லாவற்றையும் தளர்த்த ஆள் வந்துவிட்டது.

* * *

அண்ணா, எனக்குப் பார்வை இல்லை, நானும் இதே வேலைதான். எங்களைப் போன்றவர்கள் தடவி வழி தெரிந்துகொள்ள, தரையில் பதிக்கும் மேடு வைத்த ஓடுகளை 1965-ல் ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கினார், 1967-ல் ஒக்காயாமாவில் முதலில் பதித்தார்கள். இலக்கணம் ரொம்ப எளிது. கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். நான் போன இடத்தில் படிக்கட்டின் மேல் விளிம்பிலேயே கோடு! கேட்டால், "புள்ளி ஓடு தீர்ந்துபோச்சு மேடம், கலர் ஒண்ணுதானே."

அங்கே லிஃப்டில் தொடுதிரைப் பொத்தான்கள் வேறு. பிரெய்ல் இருக்கிறதா என்று விரலால் தடவினேன். விரல் பட்டு எல்லா மாடிப் பொத்தானும் ஒளிர்ந்துவிட்டதாம். கூட வந்த மேலாளருடன் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று போனோம். அறிக்கையில் அந்தப் பகுதியை நான் எழுதவே தேவைப்படவில்லை.

கட்டணம் கேட்டபோதுதான், "உங்களுக்கும் நல்லதுதானே மேடம்" என்று இழுத்தார்கள். டைல்ஸ் போட்டவரிடம் அப்படிக் கேட்டிருப்பார்களா?

* * *

எனக்குக் காது கேட்காது. தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும் என்று போகும் இடமெல்லாம் சொல்வேன். வராந்தாவில் வைப்பார்கள், கழிப்பறைக்குள் மறந்துவிடுவார்கள். தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் இடம் அதுதானே!

ஒரு கட்டடத்தில் அதைச் சரிபார்க்கத்தான் உள்ளே போனேன். விளக்கு இல்லை என்று குறித்துக்கொண்டு வெளியே வந்தால், மாடியில் ஒருவரும் இல்லை. கணினிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. சொல்லாமல் தீ ஒத்திகை வைத்திருக்கிறார்கள். படியிறங்கிப் போனேன். எல்லாரும் வெளியேறிவிட்டார்கள் என்ற பட்டியலில் என் பெயருக்கும் டிக் அடித்திருந்தார்கள்.