‘சிறு நகரத்தில் வசந்தம்’: எந்தக் காட்சி உங்களை விடவில்லை?

பழையரீல்:
ஃபெய் மூ இயக்கிய 1948 சீனப் படம்தான். கதை சுருக்கமாக: போரில் இடிந்த வீட்டில் நோயாளிக் கணவன் லியான், மனைவி யூவென், அவன் தங்கை ஷியூ. அங்கே லியானின் நண்பன் ஜிச்சென் வருகிறான், அவன்தான் யூவெனின் பழைய காதலன். ஷியூவின் பதினாறாவது பிறந்தநாள் விருந்து முடிந்த இரவு. யூவென் குடித்திருக்கிறாள், ஜிச்சென் அறைக்கு வருகிறாள். அவன் வெளியே போய்க் கதவைப் பூட்டிவிடுகிறான். அவள் கையாலேயே கதவின் கண்ணாடியை உடைக்கிறாள். அவன் திரும்பி வந்து காயத்துக்கு மருந்து போடுகிறான், டாக்டர் அல்லவா. பூட்டியவனே கட்டுப் போடுவதை என்னால் தாங்க முடியவில்லை. படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவனுக்குத் தன்மேல்தான் பயம், அவள்மேல் இல்லை.

மாடிப்படி:
எல்லோரும் அந்தக் கண்ணாடியையே பேசுகிறீர்கள். எனக்கு அதே விருந்தில் லியான் முகம்தான். விரல் காட்டி எண் சொல்லும் விளையாட்டில் மனைவி ஜிச்சென்னோடு சிரிக்கிறாள். எட்டு வருட மணவாழ்வில் அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை. அந்த நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அப்புறம்தான் சாக நினைத்துத் தூக்க மாத்திரைகளை விழுங்குகிறான். என் அம்மாவோடு பார்த்தேன். அம்மா அதுவரை “அவ கிளம்பிப் போயிடணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லியான் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அதன்பின் படம் முடியும்வரை ஒரு வார்த்தை இல்லை.

தெற்குவாசல்:
மாடிப்படி, லியான்மேல் இவ்வளவு இரக்கம் வேண்டாம். அவள் தினமும் மருந்து வாங்கி வருகிறாள், காய்கறி வாங்கி வருகிறாள், இருவருக்கும் தனித்தனி அறை. அவன் செய்ததெல்லாம் இடிந்த வீட்டில் உட்கார்ந்து ஏங்கியது மட்டும்தான். போர் வீட்டைச் சிதைத்தது உண்மை. அதற்கு அவள் என்ன செய்வாள்? நண்பனுக்குத் தன் தங்கை ஷியூவைக் கட்டிவைக்கலாம் என்று யூவெனிடமே பேசச் சொல்கிறானே, அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. அவளும் மறுக்காமல் போய்ப் பேசுகிறாள்!

கருப்புவெள்ளை:
தெற்குவாசல் சொல்வதில் பாதிதான் சரி. லியான் கெட்டவனாக இருந்தால் இந்தப் படத்துக்கே வேலை இல்லை, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். மூன்று பேருமே நல்லவர்கள், முடிச்சு அங்கேதான்.

என் அனுபவம் சின்னது: பின்னணியில் கதை சொல்லும் யூவெனின் குரல். ஜிச்சென் ரயிலை விட்டு இறங்கி நடந்து வருவதை, தான் பார்க்கவே முடியாததை, அவள் சொல்லிக்கொண்டே வருகிறாள். முதல்முறை கேட்டபோதே உடம்பு சிலிர்த்தது.

இனிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. 2002ல் தியான் ஜுவாங்ஜுவாங் வண்ணத்தில் மறுபடி எடுத்ததை முதலில் பார்க்காதீர்கள். அழகான படம்தான், ஆனால் அதில் அந்தக் குரல் இல்லை. 1948 படத்தை இரவில், தனியாக, வேகத்தைக் கூட்டாமல் பாருங்கள். மொத்தமே ஐந்து பாத்திரங்கள், நாலு பேரும் ஒரு வேலைக்காரக் கிழவரும். அதனால் யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரே காட்சிக்குள்ளேயே படம் கரைந்து மறுபடி தெளியும், அதைப் பிரதியின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். ஃபெய் மூ வேண்டுமென்றே செய்தது. நள்ளிரவில் மின்சாரம் நின்று மெழுகுவத்திக்கு மாறுவதும் அப்படித்தான், பேச்சே மாறிவிடும். படம் வெளிவந்த காலத்தில் அரசியல் இல்லை என்று ஒதுக்கினார்கள். ஃபெய் மூ 1951ல் ஹாங்காங்கில் இறந்துபோனார். 2005ல் ஹாங்காங் திரைப்பட விருதுக் குழு சீன மொழிப் படங்களில் இதற்கு முதல் இடம் தந்தது. யூவெனாக நடித்த வெய் வெய் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார், 2023 வரை வாழ்ந்தார். அவருக்காகவாவது முழுதாகப் பாருங்கள்.

பழையரீல்:
கருப்புவெள்ளை, மூன்று பேரும் நல்லவர்கள் சரி. ஷியூவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவளும் ஜிச்சென்னை விரும்பினாளே.