ஆக்சில் மாற்றிய பிறகு ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு காரில் மூன்று நாளாகத் தவிக்கிறேன். வேறு இடத்தில் முன் இடது ஆக்சிலை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மாற்றியிருக்கிறார்கள், கம்பெனி பாகம் இல்லை. அன்றிலிருந்து வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. பழுதைச் சொல்லும் கோடு (குறியீடு), இடது முன் சக்கர வேக சிக்னல் பொருந்தவில்லை என்கிறது.

அந்தச் சக்கரத்தின் வேக சென்சாரை மாற்றினேன், பலனில்லை. ஒயரை இழுத்து ஆட்டியும் பார்த்தாயிற்று. டயர் நான்கும் ஒரே அளவு, காற்றும் சரி.

ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஓட்டியபோதுதான் சந்தேகம் வந்தது. மற்ற மூன்று சக்கரங்களும் 40 காட்டும்போது இது 44 காட்டுகிறது. 60-க்கு 65, 80-க்கு 87. ஒயர் பழுது என்றால் எண் தாறுமாறாகக் குதிக்கும். இது எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் கூடுகிறது. சென்சார் வேகத்தைக் கணக்கிட ஆக்சிலில் ஒரு பல் வளையம் இருக்கும்; 44 பல் இருக்க வேண்டிய அந்த வளையத்தில் 48 பல் இருந்தால் கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது.

பழைய ஆக்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். வலது பக்கத்தோடு ஒப்பிட்டால் போதும், ஆனால் ஆக்சிலைக் கழற்றாமல் பற்களை எண்ண வழி உண்டா? சென்சார் துளை வழியாக, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே யாராவது எண்ணியிருக்கிறீர்களா? வளையத்தை மட்டும் மாற்றினால் தாங்குமா, முழு ஆக்சிலையே மாற்றுவதுதான் நல்லதா?

பிரேக் சம்பந்தப்பட்டது. விளக்கைத் துண்டித்து வண்டியை ஒப்படைக்க எனக்கு மனமில்லை.