எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) வாசிப்பு, எழுத்துப் பகுதி: கடைசி 6 கேள்விகளுக்கு நேரமே மிஞ்சுவதில்லை

கேள்வி:
ஒரு மாட்யூலுக்கு (இந்தப் பகுதியின் ஒரு பாதி) 32 நிமிடம், 27 கேள்வி. பத்திகள் சின்னவைதான், ஆனாலும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துவிடுகிறேன். நேற்றைய மாதிரித் தேர்விலும் கடைசி 6 கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் விடை அழுத்தினேன். என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் கேள்வி, அப்புறம் பத்தி. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் ஒரு தடவை படித்தாலே போதும். என்னைக் கவிழ்த்தது கவிதைதான். ஒன்றிலேயே 3 நிமிடம் போய்விடும். இப்போது அதைக் குறியிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பிற்பாதியில் வரும் இலக்கணக் கேள்விகள் எனக்கு அரை நிமிட வேலை. அவற்றை முடித்துவிட்டுத் திரும்பினால் கவிதையை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் மாட்யூல் முடிந்துவிட்டால் திரும்ப வழியில்லை.

பதில் 2:
பத்தியில் ‘ஹவெவர்’ (‘ஆனாலும்’) என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள். ஆசிரியர் சொல்லவந்தது பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் இருக்கும். நான்கு விடைகளையும் பார்க்கும் முன்பே உங்கள் பதிலை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
சரி, இன்று முயல்கிறேன். குறியிட்டதற்குத் திரும்ப நேரமில்லாமல் போனால்?

பதில் 1:
குறியிடும்போதே ஏதாவது ஒரு விடையை அழுத்திவிடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள்.