சந்தை நாளில் கார் நிறுத்தப் போன கதை: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

சுவிண்டன்காரன்:

இங்கிலாந்துச் சின்ன ஊர்களுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் வானிலை பார்ப்பாங்க. நான் இனிமே கிழமை பார்க்கப் போறேன்.

மோர்ட்டன்-இன்-மார்ஷ், காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம். ஸ்டேஷன் ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டியே இருக்கு. காரை அங்கே விட்டுட்டு ரயில்ல ஆக்ஸ்ஃபோர்டு போயிட்டா, அந்த ஊர் பார்க்கிங் செலவு மிச்சம். இதுதான் என் திட்டம். நான் போன நாள் செவ்வாய்க்கிழமை, அங்கே சந்தை நாள். மத்த நாள்ல கார் நிக்கிற இடத்துல அன்னிக்குச் சீஸ் கடை, செடிக் கடை, நாய் படுக்க மெத்தை விக்கிற கடைன்னு வரிசையா கூடாரம். ஸ்டேஷன் கார் பார்க்கோ, லண்டன் வேலைக்குப் போறவங்க காலையிலேயே வந்து நிரப்பிட்டாங்க. நாலாவது சுத்து சுத்தறப்போ நான் போக வேண்டிய ரயில் என் கண்ணு முன்னாடியே கிளம்பிப் போச்சு. அடுத்தது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழிச்சு.

கண்ணாடியை இறக்கி, நாயோட நடந்து வந்த ஒரு பெரியவர்கிட்ட எங்கேங்க நிறுத்தறதுன்னு கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்குச் செவ்வாய் ஆச்சே!" அவ்வளவுதான் பதில். செவ்வாய் கிழமை கார்ல வர்றவனுக்கு மூளை இருக்கான்னு அவர் கேக்கல, முகம் கேட்டுது. அப்புறம் மனசு இரங்கி, ஊர் ஓரமா ஒரு தெருவைக் கை காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு போகல. ரெண்டு பவுண்டு காசுக்குச் சீஸ் வாங்கிட்டுத் திரும்பிட்டேன்.

நியூகாசில் நர்ஸ்:

அண்ணா, உங்களுக்காவது ஊருக்குள்ளே ஸ்டேஷன் இருந்துச்சு!

வந்த புதுசுல பையனைக் கூட்டிக்கிட்டு ஆனிக் கோட்டை பார்க்கக் கிளம்பினேன். ஆங்கில எழுத்தைப் (Alnwick) பார்த்தா யாருக்கும் ஆனிக்னு வாசிக்கத் தோணாது. நான் கவுன்டர்ல "அல்ன்விக்"னு சொல்ல, அந்தம்மா ரெண்டு தடவை யோசிச்சிட்டு அலன்மவுத்துக்கு டிக்கெட் கொடுத்தாங்க. ஆனிக்ல ரயிலே கிடையாதாம். 1968-லேயே மூடிட்டாங்க. நாலு மைல் தள்ளி அலன்மவுத்ல இறங்கிப் பஸ் பிடிக்கணும். இன்னொரு கூத்து, அந்த அலன்மவுத் ஸ்டேஷனும் அலன்மவுத் கிராமத்துல இல்லை, அதுக்கும் ஒரு மைல் நடக்கணும்.

பஸ்ல போய் இறங்கினா ஆனிக்ல பழைய ஸ்டேஷன் கட்டடம் அப்படியே கம்பீரமா நிக்குது. உள்ளே 1991-லேர்ந்து பழைய புத்தகக் கடை, பார்ட்டர் புக்ஸ். குளிருக்கு அடுப்பு எரியுது. அலமாரிகளுக்கு மேல தண்டவாளம் போட்டு ஒரு பொம்மை ரயில் சுத்திக்கிட்டே இருக்கு. பையன் அண்ணாந்து பார்த்துட்டு, "அம்மா, இந்த ஸ்டேஷன்ல இது ஒண்ணுதான் ஓடுதா?"ன்னான். பக்கத்துல உக்காந்து படிச்சிட்டிருந்த பாட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனா அவன் விரலைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டாங்க. சின்னப் பொண்ணா இருந்தப்போ நிஜ ரயில்ல இங்கேதான் வந்து இறங்குவேன்னு சொன்னாங்க. கோட்டைக்கு நாங்க போய்ச் சேர்றப்போ மூணு மணி.

இப்போ கார்லதான் போறேன். நார்தம்பர்லாண்ட்ல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ஹெக்ஸம் மாதிரி ஊர்கள்ல கவுன்சில் (ஊர் நிர்வாகம்) நடத்துற கார் பார்க் பல இடங்கள்ல இலவசம். ஆனா டிஸ்க் வைக்கிற இடத்துல, வந்த நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வச்ச அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடிக்குப் பின்னாடி வைக்கணும். அதை வைக்கலேன்னா இலவச இடத்துக்கும் அபராதம். கடைகள்ல ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே கார் பார்க்கைச் சோதிக்க வந்த ஒரு வார்டன்தான். சீட்டு எழுத ஆரம்பிச்சவர், என் முழிப்பைப் பார்த்துட்டு எதிர்க் கடைக்கு அனுப்பி வச்சார். ஓடிப் போய் வாங்கி வர்ற வரைக்கும் பேனாவை மூடிக்கிட்டு நின்னார், மகராசன்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

பிள்ளை, உங்கட வார்டன் மனுசன். என்னைப் பிடிச்சது கமெரா.

மகளைப் பாக்க மிட்லாண்ட்ஸில ஒரு சந்தையூருக்குப் போனனான். ஊர்ப்பேர் வேண்டாம். ஸ்டேசன் கார் பார்க்கில காசு கட்டினன், ரசீதும் வந்தது. ரெண்டு கிழமை கழிச்சு அந்தக் கார் பார்க்கை நடத்துற தனியார் கம்பனியிட்ட இருந்து வீட்டுக்குக் கடிதம்: நூறு பவுண், 14 நாளுக்குள்ள கட்டினால் அறுபது. காசு கட்டினவனுக்கு ஏன் தண்டம்? ரசீதைக் கண்ணாடி போட்டுப் பாத்தால், மிசினில கார் நம்பர் அடிக்கேக்க பூச்சியத்துக்குப் பதிலா ஓ எண்ட எழுத்தை அமத்தியிருக்கிறன். இந்த நாட்டு நம்பர் பிளேட்டில ரெண்டும் ஒரே வடிவம்தானே. 2001க்குப் பிறகு வந்த நம்பர் எண்டால் மூண்டாவதும் நாலாவதும் இலக்கம், மிச்சமெல்லாம் எழுத்து. இதை முதலே யோசிச்சிருந்தால் பிழைச்சிருப்பன்.

மனுசி சொன்னா, அறுபதைக் கட்டிப்போட்டு நிம்மதியா இருங்கோ எண்டு. நான் விடேல்லை. ரசீதையும் பிளேட்டின்ர படத்தையும் வைச்சு ஒரு பக்கத்தில எழுதி அனுப்பினன். காசு கட்டி ஒரு எழுத்து மாறினால் ரத்துச் செய்யவேணும் எண்டு அந்தத் தனியார் கம்பனிகளின்ர சங்கங்களின்ர விதியிலேயே கிடக்குது. மூண்டு கிழமையில ரத்து எண்டு பதில் வந்தது. மன்னிப்பு எண்ட சொல்லு மட்டும் இல்லை.

தம்பிமார் ஒண்டைக் கவனியுங்கோ. கடிதம் வந்தால் தொகையைப் பாக்க முதல் அனுப்பினது ஆரெண்டு பாருங்கோ. கவுன்சில் அனுப்பினால் அது சட்டப்படியான தண்டம், அதில குறிச்ச நாளுக்குள்ள கட்டினால் பாதி. தனியார் அனுப்பினால் அது ஒப்பந்தத்தை மீறினதுக்குக் கேக்கிற காசு. ஸ்டேசன் நிலத்துக்கு ரயில்வே பைலோ எண்டு வேற சட்டம் இருக்கு, அதின்ர பேர் கடிதத்தில வந்தால் நடைமுறையும் வேற. மூண்டையும் ஒண்டாக் குழப்பித்தான் எங்கட சனம் பயத்தில உடன கட்டுறது. 2012க்கு முன்னம் இங்கிலாந்தில தனியார் நிலத்தில சில்லுக்குப் பூட்டே போட்டவை, அந்தக் காலத்தை விட இது பரவாயில்லை.

தெர்ஸ்க் போனவன்:

சின்னதா ஒண்ணு. யார்க்‌ஷையர்ல இருக்கிற தெர்ஸ்க் ஸ்டேஷன்லேர்ந்து தெர்ஸ்க் ஊர் ஒன்றரை மைல். 1841-ல யார்க்கையும் டார்லிங்டனையும் நேர்கோட்டுல சேர்க்கணும்னு போட்ட தடம், ஊருக்காக வளைஞ்சு கொடுக்கல. பெட்டியை உருட்டிக்கிட்டு நடந்தேன், மழை. சந்தை நாளான திங்கள்கிழமை, மார்க்கெட் பிளேஸ் கல் பாவின தரையில பெட்டிச் சக்கரம் ஒண்ணு கழண்டுடுச்சு. காய்கறிக் கடைக்காரர் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கல, அரை கிலோ கேரட் வாங்க வச்சார்.

சுவிண்டன்காரன்:

கேரட் கதை அருமை. அதைப் படிச்சதும் ஞாபகம் வந்தது. 2009-ல லட்லோங்கிற ஊருக்குப் போயிருந்தோம். கார் பார்க் மிஷின் முன்னாடி சில்லறை தேடிக்கிட்டு இருக்கேன், ஒருத்தர் கார் கண்ணாடியைத் தட்டறார். ஏதோ தப்பா நிறுத்திட்டோம்னு என் மனைவி பயந்துட்டா. அவர் கையில ஒரு டிக்கெட். "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, நான் கிளம்பறேன்"னு நீட்டினார். அன்னிக்கு நாங்க கிளம்பறப்போ முக்கால் மணி நேரம் மிச்சம், நானும் ஒருத்தர் கார் கண்ணாடியைத் தட்டினேன்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

ஓம், அந்த வழக்கம் முந்தி எல்லா ஊரிலயும் இருந்தது. இப்ப மிசின் முதல் கேக்கிறதே கார் நம்பர்தானே. ஆற்ர டிக்கெட்டை ஆருக்குக் குடுக்கிறது?