பென்னிஸ் வீடியோ: பையனைக் கெடுத்தது டேப்பா, வீடா?

செவ்வந்தி:
மைக்கேல் ஹானெகேயின் 'பென்னிஸ் வீடியோ' (ஆஸ்திரியா, 1992) பற்றி வேறொரு இழையில் சண்டை நீண்டுகொண்டே போவதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். கதை முழுக்க உடையும், பார்க்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடலாம்.

வியன்னாவில் வசதியான குடும்பம். பென்னிக்கு (ஆர்னோ ஃபிரிஷ்) 14 வயது. சன்னலை மூடிவிட்டு, தெருவைக் கேமரா வழியாக மானிட்டரில் பார்க்கிறவன். பண்ணையில் பன்றி கொல்லப்பட்டதை டேப்பில் வைத்திருக்கிறான். அதற்குப் பயன்பட்ட போல்ட் துப்பாக்கியையும் திருடி வைத்திருக்கிறான். பெற்றோர் இல்லாத வார இறுதியில் வீடியோ கடை வாசலில் பார்த்த பெண் ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்து, அதே கருவியால் கொல்கிறான். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு டேப்பைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டுகிறான். அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. அம்மா பையனோடு எகிப்துக்குப் போகிறாள், அப்பா உடலை இல்லாமலாக்குகிறார். திரும்பி வந்ததும் பென்னியே போலீசில் போய் நிற்கிறான்.

கேள்வி இரண்டு. இது 'வன்முறை பார்த்தால் பிள்ளை கெட்டுப்போகும்' என்று சொல்லும் படமா? கல்லூரித் திரைப்படக் குழுக்கள் முதலாண்டு மாணவர்களுக்கு இதைப் போடலாமா?

தரவுதாசன்:
பிரசங்கம்தான். நல்ல சட்டகங்களோடு செய்த பிரசங்கம். பையன் டேப் வாடகைக்கு எடுக்கிறான், டிவியில் யூகோஸ்லாவியப் போர் ஓடுகிறது, மனசு மரத்துப்போகிறது, கொல்கிறான். இதில் எந்தக் கண்ணியை இழுத்தாலும் கையோடு வந்துவிடும்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் எடுத்து வீசுவது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் 1961 போபோ பொம்மைச் சோதனை. ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் 72 குழந்தைகள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளும் அடித்தார்கள். நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. நல்ல நல்ல பொம்மைகளைக் கொடுத்து, விளையாட ஆரம்பித்ததும் 'இது உனக்கில்லை' என்று பிடுங்கிக்கொண்டுதான் போபோ இருந்த அறைக்கு அனுப்பினார்கள். எரிச்சலூட்டிவிட்டு, குத்துவதற்கென்றே செய்த பொம்மையின் முன் 20 நிமிடம் விட்டு எண்ணினால் என்ன வரும்?

வளர்ந்தவர்களிடம் செய்யும் சோதனை இன்னும் மோசம். போட்டியில் ஜெயித்தால் எதிராளியின் காதில் இரைச்சலைப் பாய்ச்சலாம். எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதுதான் 'ஆக்ரோஷம்'. சத்தத்தை மட்டும் எடுப்பதா, நேரத்தால் பெருக்குவதா, முதல் சுற்றை மட்டும் பார்ப்பதா என்பது ஆய்வாளர் இஷ்டம். ஒரே தரவை வெவ்வேறு விதமாகக் கூட்டினால் முடிவே மாறுகிறது என்று மால்ட்டே எல்சன் குழு 2014-ல் காட்டிவிட்டது. எப்படி அளப்போம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 14, 15 வயது பிரிட்டிஷ் பிள்ளைகள் 1,004 பேரிடம் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 2019-ல் செய்த ஆய்வில், வன்முறை வீடியோ கேம்களுக்கும் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

மூன்றாம்வரிசை:
தாசன் சார், நீங்கள் மறுப்பது வேறு ஏதோ ஒரு படத்தை. 'டேப் பார்த்தேன், கொன்றேன்' என்று இதில் யார் சொல்கிறார்கள்? அப்பா 'ஏன்' என்று கேட்கிறார். எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் என்கிறான் பையன். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

கொலைக் காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நாம் பார்ப்பது அறையை அல்ல, அறைக்குள் இருக்கும் மானிட்டரை. பென்னியின் கேமரா ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிறது. முதலில் துப்பாக்கியைத் தன் நெஞ்சில் வைத்து அவளை அழுத்தச் சொல்கிறான். அவள் மறுக்க, 'கோழை' என்கிறான். பிறகு அவன் முறை. அவள் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னதும் அழுத்திவிடுகிறான். அவள் விழுந்து ஊர்ந்து மானிட்டரின் எல்லையைத் தாண்டிவிடுகிறாள். அந்தக் கருவி ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் எடுக்கும். திறந்து, பழையதை எடுத்து, புதிதைப் போட வேண்டும். அதனால் அவன் சட்டகத்துக்குள் ஓடி வருகிறான், தோட்டா எடுக்கிறான், வெளியே போகிறான், திரும்ப வருகிறான். காலியான அறை தெரிகிறது. அலறலும், சத்தம் போடாதே என்று அவன் கெஞ்சுவதும் காதில் விழுகின்றன. கண்ணுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை.

முதல் காட்சியின் பன்றியோ முழுதாகத் தெரிகிறது. டேப் பின்னோக்கி ஓடி, மெதுவாக மறுபடி ஓடுகிறது. நம் ஊர்ப் படங்களில் ஸ்லோமோஷன் வந்தால் அரிவாளுக்கு அழகு கூடும். இங்கே அந்த விலங்கின் கத்தல் இழுபட்டு அடித்தொண்டை உறுமலாக மாறுகிறது, அவ்வளவுதான். விலங்கைக் காட்டி, மனுஷியை மறைக்கிறார். 'வன்முறை காட்டிக் கெடுக்காதே' என்று உபதேசம் செய்ய வந்தவர் இந்தத் தலைகீழ் வேலையைச் செய்ய மாட்டார்.

அல்லி:
மறைத்ததற்கே மாலை போடுகிறீர்கள். அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை. நடிகர் பட்டியலில்கூட 'பெண்' என்றுதான் இருக்கிறது (நடித்தவர் இங்கிரிட் ஸ்டாஸ்னர்). பென்னிக்கு அறை, நண்பன், அக்கா, பாட்டுக் குழு, எகிப்துப் பயணம் எல்லாம் உண்டு. அவளுக்கு என்ன இருக்கிறது? கொலைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் படம் ஓடுகிறது, கவலை முழுக்க அவனைப் பற்றியும் அவன் பெற்றோரைப் பற்றியும்தான். உணர்ச்சி மரத்துப்போவதைக் கண்டிக்கும் படம் இந்த ஒருத்தி விஷயத்தில் தானே மரத்துப்போயிருக்கிறது.

அந்தப் பன்றியின் சாவு நடிப்பு இல்லை என்பதையும் பேச வேண்டும். பண்ணையில் எப்படியும் நடப்பதுதானே என்று சமாளிக்கலாம். அதைத் திரையில் இரண்டாவது முறை, மெதுவாக, ஓட்டியது ஹானெகே. பண்ணைக்காரர் அல்ல.

புரொஜெக்டர் மணி:
சித்தாந்தத்த நீங்க பாத்துக்குங்க. போடலாமா வேண்டாமான்னு செவ்வந்தி கேட்டாங்க இல்ல, அதுக்கு வரேன். பெரும்பாலான திரையிடல்ல இந்தப் படம் செத்துப்போறது கருத்தால இல்ல, டிவி செட்டிங்கால.

முதல் வேலை, மோஷன் ஸ்மூத்திங்க அணைங்க. ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்கான், பட அமைப்பு மெனுவுல தேடினா கிடைக்கும். இந்தப் படம் ஃபிலிம்ல எடுத்தது. பென்னியோட டேப்புங்க வீடியோ. ஃபிலிமுக்கு செகண்டுக்கு 24 ஃபிரேம், பழைய PAL (ஐரோப்பிய டிவி முறை) வீடியோவுக்கு 50 அரை ஃபிரேம். அந்த அசைவு வித்தியாசம், வரி வரியா தெரியிற கோடு, வெளுத்த நிறம், இத வெச்சுத்தான் 'இது அறை, இது டேப்'னு பாக்கிறவன் பிரிச்சுக்கணும். ஸ்மூத்திங் போட்டா இல்லாத ஃபிரேம டிவியே இட்டுக்கட்டி ஃபிலிமையும் வழவழன்னு வீடியோ மாதிரி ஆக்கிடும். எல்லாம் ஒரே சீரியல் மாதிரி தெரியும். ஷார்ப்னெஸ் ஏத்தி வெச்சிருந்தா அதையும் இறக்குங்க, டேப் இரைச்சல் பொறிப்பொறியாத் துள்ளும்.

ரெண்டாவது சத்தம். பன்றி கத்தினதும் யாராவது ரிமோட்ட எடுத்துக் கொறச்சிடுவாங்க. அப்புறம் பெத்தவங்க ரெண்டு பேரும் தாழ்ந்த குரல்ல பேசிக்கிற காட்சி வரும்போது எதுவும் காதுல ஏறாது. ஜெர்மன் தெரியலன்னாலும் குரல் கேக்கணும். அப்பன்காரன் எவ்ளோ அமைதியா பேசறான்கிறதுதான் அங்க விஷயம். முன்னாடியே அந்தப் பேச்சுக் காட்சிய ஓட்டிப் பாத்து, அதுக்கு ஏத்த மாதிரி சத்தத்த வெச்சிட்டு, பன்றி காட்சி அலறினாலும் கை வைக்காதீங்க. 'ராத்திரி மோடு' சத்தமும் கூடாது. அது பெருசக் கொறச்சு சின்னதத் தூக்கி ரெண்டையும் ஒண்ணாக்கிடும்.

இடைவேளை விடாதீங்க. கொலை முடிஞ்சதும் சமோசா சாப்பிடப் போன கூட்டம் திரும்பி உக்கார ஆகிற நேரத்துல, அவன் தயிர் சாப்பிடறது, ரத்தத்தத் தொடைக்கறது, தலைய மழிச்சுக்கறதுன்னு எல்லாம் போயிடும். போன்ல பாக்கச் சொல்லி லிங்க் அனுப்பறது அதவிட மோசம். மானிட்டருக்குள்ள நடக்கறத ஆறு அங்குலத்துல பாத்தா தபால்தலைதான்.

குறிஞ்சிவேல்:
@தரவுதாசன், சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். சிகாகோ பகுதியில் 1977-ல் பார்க்கத் தொடங்கிய பிள்ளைகளில் 329 பேரைச் சுமார் 15 ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்தார் உளவியலாளர் ரோவெல் ஹியூஸ்மன் (2003-ல் வந்த ஆய்வு). சிறு வயதில் டிவி வன்முறை அதிகம் பார்த்தவர்களிடம் பெரியவர்களான பிறகும் ஆக்ரோஷம் கூடுதலாக இருந்தது. குடும்பத்தின் பொருளாதாரம், பிள்ளையின் அறிவுத்திறன், பெற்றோர் வளர்ப்பு முறை எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் அது நின்றது. இரைச்சல் சோதனையை அடித்துப் போட்டால் இதுவும் விழுந்துவிடுமா?

தரவுதாசன்:
விழாது. ஆனால் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். துணையைப் பிடித்துத் தள்ளியது, போக்குவரத்து விதி மீறியது எல்லாம் அந்தக் கூடையில் உண்டு, குற்றத் தண்டனையும் உண்டு. அடிதடிச் சுபாவம் உள்ள பிள்ளை அடிதடி நிகழ்ச்சியைத் தேடிப் போவதை எந்தப் புள்ளிவிவர வித்தையாலும் முழுக்கக் கழிக்க முடியாது. சின்ன அளவில் தொடர்பு இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். அதிலிருந்து கொலைக்கு ஏணி போடாதீர்கள்.

ஏணி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் இருக்கிறது. படம் வந்த அடுத்த ஆண்டு, 1993-ல், லிவர்பூல் பக்கம் இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுப் பையன்கள் இருவர் கொன்றார்கள். வன்முறை வீடியோ ஒரு காரணமாக இருக்கலாம் என்று நீதிபதி ஒரு வார்த்தை சொன்னார். பையன்கள் அப்படி எதையும் பார்த்ததற்குப் போலீஸிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் 1994-ல் வீடியோ தணிக்கைச் சட்டம் இறுக்கப்பட்டது. குடும்பம், பள்ளி, வறுமை எல்லாம் பின்னால் போனது. இந்த மாதிரிப் படங்கள் அந்த மனநிலைக்குத்தான் தீனி.

மூன்றாம்வரிசை:
அந்த மனநிலைக்கு இந்தப் படத்தில் ஒரு பருக்கைகூடக் கிடைக்காது. டேப்பைப் பார்த்த பிறகு வரும் பெற்றோர் பேச்சுதான் படத்தின் நடுமுதுகு. அப்பா (நடித்தவர் உல்ரிக் மூஹே) முதலில் விசாரிப்பது, அவளோடு உன்னை யாராவது பார்த்தார்களா என்று. பிறகு கணக்கு. சொன்னால் பையனுக்கு என்ன ஆகும், கவனிக்காமல் விட்டதற்கு நமக்கு என்ன ஆகும். சொல்லாவிட்டால் என்ன வேலை. துண்டுகள் எந்த அளவில் இருந்தால் கழிவுக்குழாய் அடைக்காது. கடன் பாக்கி பேசுகிற குரல் அது. இவர்கள் எந்த வாடகை டேப்பைப் பார்த்துக் கெட்டுப்போனார்கள்? பள்ளிப் பாட்டுக் குழுவில் பாஹின் செவ்வியல் இசையைப் பாடிக்கொண்டே பையன்கள் பணத்தைக் கைமாற்றுகிறார்கள், அக்கா வீட்டில் சங்கிலிப் பண விளையாட்டு (புதிதாகச் சேர்பவர் பணம் முன்பு சேர்ந்தவருக்குப் போகும்) விருந்து நடத்துகிறாள். வீட்டில் ஓடுவது முழுக்கக் கணக்குதான். வீடியோ அதில் ஒரு சாமான்.

அந்தப் பேச்சும் டேப்பில் ஏறியிருக்கிறது. பென்னி தன் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பதிவு செய்திருக்கிறான். போலீசிடம் போகும்போது அவன் காட்டுவதில் அது முக்கியம். தன்னை மாட்டிவிட்டதோடு பெற்றோரையும் மாட்டிவிட்டான். இருட்டில் ஒரு கதவிடுக்கு, அதற்குப் பின்னால் குரல்கள். முதல் முறை நாம் உட்கார்ந்து கேட்ட பேச்சே இப்போது சாட்சியமாகத் திரும்பி வருகிறது. வீடியோதான் தீமை என்றால், இந்த வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே பொருள் அது என்பதை எங்கே வைப்பீர்கள்?

தரவுதாசன்:
கடைசி வரிக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. ஆனால் ஹானெகே பார்வையாளனைத் தண்டிக்கிற ஆள் என்பதில் மாறமாட்டேன். 'ஃபன்னி கேம்ஸ்' (1997) எடுத்துக்கொள்ளுங்கள். பணயமாக இருக்கும் பெண் துப்பாக்கியைப் பறித்து ஒருவனைச் சுடுகிறாள். மற்றவன் ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தையே பின்னோக்கி ஓட்டி அதை நடக்காததாக்குகிறான். கான் திரைப்பட விழாத் திரையிடலில் அவள் சுட்டபோது அரங்கம் கைதட்டியது, ரிமோட் வந்ததும் அடங்கியது என்று ஹானெகேயே சொல்லியிருக்கிறார். கைதட்ட வைத்துவிட்டு 'பார்த்தாயா, நீயும் இப்படித்தான்' என்பது பொறி வைப்பது. எலி மாட்டியது என்பது எலியின் குணத்துக்கு ஆதாரமா?

அல்லி:
அந்தப் படத்தில் உங்கள் பக்கம். ஆனால் 'பென்னிஸ் வீடியோ'வில் கைதட்ட ஓர் இடம்கூடக் கிடையாது, தாசன். அங்கே பொறியே இல்லை. என் குறை வேறு, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

செவ்வந்தி:
திரையிடலுக்கு வருகிறேன். 18 நிறைந்தவர்களுக்கு மட்டும். அறிவிப்பிலேயே இரண்டு வரி: நிஜமாக ஒரு விலங்கு கொல்லப்படுகிறது, சிறுமி ஒருத்தியின் கொலை பெரும்பாலும் ஒலியாக வருகிறது. இதைச் சொன்னால் கதை கெடும் என்று வாதிடுவார்கள், பன்றி முதல் காட்சியிலேயே வந்துவிடுவதால் கெடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எழுந்து போகிறவர் முன்வரிசையைத் தாண்டாமல் போக, வெளிவாசல் பக்கத்து இருக்கைகளை விட்டு வையுங்கள். விளக்கு போட்டதும் 'என்ன உணர்ந்தீர்கள்' என்று கேட்காதீர்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அல்லது முதலில் பேசியவரின் கருத்தே எல்லோருடையதும் ஆகிவிடும். தாள் கொடுத்து, கொலையில் கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். திரையில் காட்டாததைப் பார்த்ததாகச் சிலர் எழுதுவார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

அல்லி:
அதே தாளில் மூன்றாவது கேள்வியும் சேருங்கள்: அந்தப் பெண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதவும். எத்தனை வரி வருகிறது என்று பார்த்துவிட்டு மூன்றாம்வரிசை வந்து வாதாடட்டும்.

மூன்றாம்வரிசை:
குறைவாகத்தான் வரும். அது படத்தின் குறையா, பென்னியின் கேமராவுக்குள் நம்மையும் அடைத்து வைத்ததன் விளைவா என்பதில்தான் நாம் இருவரும் பிரிகிறோம். கேள்வியைச் சேருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

புரொஜெக்டர் மணி:
தாள் குடுக்கிறதுக்கு முன்னாடி லைட்ட முழுசா ஒரேயடியா போடாதீங்க, பாதி போடுங்க. சப்டைட்டில் ஃபைலையும் முந்தின நாளே ஓட்டிப் பாருங்க, பின்னணியில ஓடற டிவி செய்திக்கும் மொழிபெயர்ப்பு இருக்கான்னு. இல்லாத ஃபைல்ல யூகோஸ்லாவியா வெறும் இரைச்சலாப் போயிடும், அப்புறம் தாசன் சார் சொன்ன சங்கிலிய ஒத்துக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.