சாண்ட்லரிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் இலவசமாக டென்ட் போட இடம் வேண்டும்: இரண்டு முறை போய் ஏமாந்தாச்சு

கத்துக்குட்டி_கூடாரம்

வணக்கம். அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. மே மாதமே வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டது. வார இறுதியில் ஒரு ராத்திரியாவது மலை மேல் போய்ப் படுத்துவிட்டு வரலாம் என்று ஆசை. காசு கட்டிப் புக் செய்யும் கேம்ப்கிரவுண்டுகள் ஆறு மாதம் முன்னாலேயே நிரம்பிவிடுகின்றன. கிடைத்தாலும் பக்கத்து டென்ட்காரரின் குறட்டையை எண்ணிக்கொண்டு படுக்க வேண்டும். காட்டுக்குள்ளேயே இலவசமாகத் தங்கலாம், அதற்கு டிஸ்பர்ஸ்ட் கேம்பிங் என்று பெயர் என்றார் அலுவலக நண்பர். சரி என்று கிளம்பினோம்.

முதல் தடவை, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஒரு செயலியில் நாலரை நட்சத்திரம் வாங்கிய புள்ளியைக் குறி வைத்துப் போனால், ராத்திரி பத்து மணிக்கு எதிரே நின்றது ஒரு முள்கம்பி வேலி. 'மாநில டிரஸ்ட் நிலம், சீட்டு இல்லாமல் நுழையாதே' என்று பலகை. திரும்பி வந்துவிட்டோம்.

இரண்டாம் தடவை செடோனா பக்கம். எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம் என்று பழைய விமர்சனங்களில் எழுதியிருந்தார்கள். அங்கே போனால், ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் தங்கலாம் என்று திருப்பத்துக்குத் திருப்பம் பலகை. ஒதுக்கிய இடங்களோ நிறைந்து வழிந்தன. இருட்டில் இன்னொரு மண் ரோட்டில் இறக்கியதில் வண்டியின் அடிவயிறு கல்லில் உரசி 'டொக்' என்றது. வீடு வந்து சேர ராத்திரி ரெண்டு மணி. "வீட்டை வச்சுக்கிட்டு எதுக்குடா இப்படி அலையுறோம்" என்று அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அதுவே போதும்.

வண்டி சாதாரண செடான். நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பாலைவாசி

நீங்கள் தேடும் விதம்தான் தப்பு. செயலியில் இருக்கும் புள்ளிக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ ஒருவர் என்றைக்கோ ஒரு நாள் அங்கே படுத்திருந்தார். அவர் முறைப்படி தங்கினாரா, அந்த முறை இன்றைக்கும் செல்லுமா என்பதெல்லாம் அதில் வராது. புள்ளியைத் தேடாதீர்கள், ரோட்டைத் தேடுங்கள்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். அரிசோனாவின் நில உரிமை வரைபடம் கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கும். பச்சை ஃபாரஸ்ட் சர்வீஸின் தேசியக் காடு, மஞ்சள் பி.எல்.எம். என்ற மத்திய அரசு நில நிர்வாகத் துறையின் நிலம், நீலம் மாநில டிரஸ்ட், வெள்ளை தனியார். ஆன்எக்ஸ், கையா மாதிரி செயலிகளில் இந்த அடுக்கைப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் மாட்டிக்கொண்டது நீலத்தில். பள்ளிக்கூடங்கள் முதலானவற்றுக்கு வருமானம் வரட்டும் என்று மாநிலத்துக்கு ஒதுக்கிக் கொடுத்த நிலம் அது, 90 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அரசாங்க நிலம்தானே என்று நாம் நினைப்போம், ஆனால் சட்டம் அதைப் பொது நிலமாகப் பார்ப்பதில்லை. மாநில நிலத்துறையின் இணையதளத்தில் பணம் கட்டிச் சீட்டு வாங்கினால் தங்கலாம்.

பச்சை என்று உறுதியானதும் எம்.வி.யு.எம். என்ற வரைபடத்தை எடுங்கள். எந்த ரோட்டில் எந்த வண்டி போகலாம் என்று ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸே வெளியிடுவது, இலவசம். கறுப்பு வெள்ளையில் பார்க்கவே சகிக்காது. ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது அதுதான். ரோட்டுக் கோட்டின் ஓரமாகப் புள்ளி புள்ளியாகப் போட்டிருந்தால், அந்த ரோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை வண்டியை உள்ளே கொண்டுபோய் டென்ட் போடலாம். செடோனா பக்கத்துக் கோக்கனினோ தேசியக் காட்டில் அது 300 அடி. புள்ளி இல்லாத ரோடு என்றால் வண்டியை ஓரத்தில் ஒட்டி நிறுத்திவிட்டு, சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வரைபடத்திலேயே இல்லாத ரோடு, தரையில் பளிச்சென்று தெரிந்தாலும் ஏறாதீர்கள். அவென்சா செயலியில் இந்த வரைபடத்தை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடம் அதில் தெரியும்.

செடோனாவில் நடந்தது வேறு கதை. கூட்டம் தாங்காமல் காடு நாசமானதால், மேற்கே பல ரோடுகளில் கண்ட இடத்தில் தங்குவதை நிறுத்திவிட்டார்கள். பழைய விமர்சனத்தில் இந்தச் சேதி எங்கிருந்து வரும்?

எல்லாவற்றுக்கும் மேல், வியாழக்கிழமை பகலில் அந்தக் காட்டைக் கவனிக்கும் ரேஞ்சர் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள். எந்த ரோடு திறந்திருக்கிறது, செடான் போகுமா, தீக் கட்டுப்பாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது. மூன்றே கேள்விகள். 200 விமர்சனத்தைப் படிப்பதற்கு இது மேல்.

ரிம்_ரோடு

பாலைவாசி சொன்னதோடு ஒன்று: வெள்ளி ராத்திரி போகவே போகாதீர்கள். இருட்டில் எல்லா இடமும் ஒன்றுபோல்தான் இருக்கும். சனி காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், வெள்ளிக்கிழமை வந்தவர்கள் இருந்தாலும் இடம் தேடப் பகல் முழுக்க உங்கள் கையில் இருக்கும்.

உங்கள் வண்டிக்கும் வீட்டுக்கும் தோதானது மொகயான் ரிம் என்ற உயரமான மலை விளிம்பு. மேசாவிலிருந்து 87ஆம் நெடுஞ்சாலையில் பேசன் என்ற ஊர், அங்கிருந்து 260இல் கிழக்கே மலை ஏறினால் ரிம் மேலே வந்துவிடும். சாண்ட்லரிலிருந்து ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். 7,500 அடிக்கு மேல் உயரம், பாண்டெரோசா பைன் காடு. உங்கள் வீட்டில் 40 என்றால் அங்கே 25ஐ ஒட்டித்தான் இருக்கும். 300ஆம் எண் ஃபாரஸ்ட் ரோடுதான் ரிம் ரோடு. அதில் உட்ஸ் கேன்யன் ஏரித் திருப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து கப்பி ரோடு வரும். அதிலிருந்து பிரியும் 9350ஆம் எண் ரோட்டில் எண் போட்ட கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொரு கம்பமும் ஒரு இடம். இலவசம், முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்குத்தான். தண்ணீர், குப்பைத் தொட்டி, கக்கூஸ் எதுவும் கிடையாது. கம்பம் இல்லாத இடத்தில் போடக் கூடாது. பனிக்காலத்தில் ரிம் ரோட்டை மூடிவிடுவார்கள், மே மாதத்தில் வழக்கமாகத் திறந்திருக்கும். இருந்தாலும் அந்த போனில் கேட்டுவிடுங்கள்.

மண்சாலை

செடான் என்பதால் சொல்கிறேன். கிளம்பும் முன் சாட்டிலைட் படத்தில் அந்த ரோட்டைக் கடைசி வரை விரலால் நகர்த்திப் பாருங்கள். மரத்துக்கு நடுவே வெளிறிய வட்டமாகத் தெரிவது ஏற்கெனவே ஆள் தங்கின இடம். அங்கேதான் தங்க வேண்டும், புதிதாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்கக் கூடாது. ரோடு சாம்பல் நிறமாகச் சீராக இருந்தால் கப்பி போட்டது, செடான் போகும். ரெண்டு கோடாகப் பிரிந்து நடுவில் புல் தெரிந்தால் அது உங்கள் வண்டிக்கு இல்லை. ஓடை குறுக்கே வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

வாடகை வண்டியில் போகலாம் என்று யோசித்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் இல்லாத ரோட்டில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். எனக்கு அது ஒரு விலையுயர்ந்த பாடம், விவரம் வேண்டாம்.

ஏசி_அறையே_சொர்க்கம்

தப்பாக நினைக்காதீர்கள். அம்மாவுக்கு வயதாகிறது, குழந்தை சின்னது. கக்கூஸ், தண்ணீர் உள்ள கேம்ப்கிரவுண்டில் யாராவது ரத்து செய்தால் கிடைக்கும், வாரநாளில் பாருங்களேன். எதற்கு இந்த வம்பு?

கத்துக்குட்டி_கூடாரம்

நண்பரே, அம்மா கிராமத்தில் வளர்ந்தவர். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் தைரியமாக இருக்கிறார். ஆனால் கக்கூஸ் விஷயம் நிஜமான கவலைதான். இன்னொன்று, சமைக்க அடுப்பு மூட்டலாமா? தீக் கட்டுப்பாடு என்று பாலைவாசி சொன்னது புரியவில்லை.

குக்கரும்_காடும்

இந்த ரெண்டுக்கும் நான் சொல்கிறேன். என் மாமியாரையும் கூட்டிப்போய் வந்திருக்கிறேன்.

கக்கூஸுக்கு, வாளிக்கு மேல் இருக்கை வைத்த மாதிரி ஒன்று கிடைக்கும், கூடவே ஆள் உயரத்துக்கு நிற்கும் சின்ன டென்ட். வாளிக்குள் போட, கழிவைக் கெட்டியாக்கும் பொடி உள்ள பை விற்கிறார்கள். கட்டி, வீட்டுக்கு எடுத்து வந்து குப்பையில் போட்டுவிடலாம். முட்டி வலி உள்ளவர்களுக்கு இதுதான் வழி. குழி தோண்டுவதானால் ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழம், தண்ணீர், வழி, டென்ட் எல்லாவற்றிலிருந்தும் 200 அடி தள்ளி, நம் நடையில் சுமார் 70 தப்படி வைத்தால் சரியாக இருக்கும். காகிதத்தைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டு வாருங்கள். கொளுத்தாதீர்கள். 2022 ஜூனில் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே காட்டில் தங்கியிருந்த ஒருவர் கழிப்பறைக் காகிதத்தைக் கொளுத்திக் கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறார். அதிலிருந்து கிளம்பியதாகச் சொல்லப்படும் பைப்லைன் தீ 26,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 2010இல் அதே ஊர்ப் பக்கம் ஷுல்ட்ஸ் தீ, அணைக்காமல் விட்டுப்போன கேம்ப் நெருப்பிலிருந்து 15,000 ஏக்கர்.

அதனால்தான் கட்டுப்பாடு. மே, ஜூன் மாதங்களில் காடு காய்ந்து கிடக்கும், ஜூலையில் மழை வரும்வரை அப்படித்தான். முதல் கட்டம் அறிவித்துவிட்டால் நீங்கள் போவது மாதிரி இடங்களில் விறகு, கரி எதுவும் எரிக்கக் கூடாது. திருகித் திறந்து மூடும் கேஸ் அடுப்புக்குப் பொதுவாக இரண்டாம் கட்டத்திலும் அனுமதி உண்டு. அதற்கும் மேலே போனால் காட்டையே மூடிவிடுவார்கள். நான் விறகு எரிப்பதையே விட்டுவிட்டேன்.

சின்னக் குக்கரைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகிறது வேகிறது, வெந்தபாடில்லை. முதல் தடவை நாங்கள் மூன்று மணி நேரம் பருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதற்கு மேல் பாத்திரம் கழுவ. சாப்பாட்டுச் சாமான், பற்பசை, தேங்காய் எண்ணெய் உட்பட வாசனை உள்ள எதுவும் டென்ட்டுக்குள் வேண்டாம், ராத்திரி வண்டிக்குள் பூட்டுங்கள். ரிம் பக்கம் கருங்கரடி உண்டு. பட்ட மரத்துக்கு அடியில் டென்ட் போடாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அங்கே பல இடங்களில் போன் எடுக்காது.

கத்துக்குட்டி_கூடாரம்

போய் வந்தாச்சு! விவரமாக எழுதுகிறேன், நாளைக்கு இன்னொருவருக்கு உதவும்.

போன் செய்தேன். ரேஞ்சர் ஆபீசில் பேசிய அம்மையார், ரோடு திறந்திருக்கிறது, செடான் மெதுவாகப் போகும், தீக் கட்டுப்பாடு அடுத்த வாரம் வரலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சனி காலை ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பி எட்டரைக்கெல்லாம் 9350இல் இருந்தோம். முதல் நாலு கம்பத்திலும் ஆள். ஐந்தாவதில் ஒரு குடும்பம் டென்ட்டை மடித்துக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவோம் என்று கை காட்டினார்கள். காத்திருந்தோம். கல் அடுக்கிய பழைய நெருப்பு வட்டம், தரையில் பைன் ஊசிகள் மெத்தை மாதிரி, கொஞ்சம் நடந்தால் ரிம் விளிம்பு. அங்கே நின்று பார்த்தால் நாம் ஏறி வந்த காடு முழுக்கக் காலுக்குக் கீழே கிடக்கிறது.

குக்கர் நாலாவது விசில் அடித்ததும் அடுத்த கம்பத்திலிருந்து ஒரு பெரியவர் என்ன சத்தம் என்று பார்க்க வந்தார். அம்மா அவருக்கு ஒரு கிண்ணம் சாம்பார் சாதம் கொடுத்தார். அவர் ஆங்கிலத்தில் பேச, அம்மா தமிழில் பதில் சொல்ல, இருவரும் அரை மணி நேரம் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். வாளி டென்ட் நன்றாக வேலை செய்தது. சும்மா இருக்காமல் அதற்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று சேஃப்டி பின்னால் அம்மாவே ஒன்று தயாரித்துவிட்டார்.

சொதப்பல்கள்: விடியற்காலை வண்டியில் 41 ஃபாரன்ஹீட் காட்டியது, அதாவது 5 டிகிரி. சாண்ட்லர் நினைப்பில் ரெண்டு போர்வைதான் எடுத்துப் போயிருந்தோம். மகளை நடுவில் போட்டு எல்லாரும் ஒட்டிக்கொண்டு படுத்தோம். டென்ட்டோடு வந்த முளைகள் கல் தரையில் இறங்கவே இல்லை, ரெண்டு வளைந்துவிட்டன. கயிற்றைப் பாறாங்கல்லில் கட்டிச் சமாளித்தோம். அதற்கு என்ன வாங்கலாம்? ஜூலையில் மறுபடி போகலாமா?

ரிம்_ரோடு

ஐந்தாவது கம்பத்திலேயே கிடைத்ததா, யோகம்தான். முளைக்கு, இரும்புச் சாமான் கடையில் ஓரடி நீள இரும்பு ஆணி, பெரிய வாஷரோடு வாங்குங்கள். டென்ட் கடையில் கேட்காதீர்கள், மூன்று மடங்கு விலை. ஒரு சுத்தியலும்.

ஜூலையில் போகலாம். ஆனால் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டும். விளிம்பில் நிற்காதீர்கள், காலையிலேயே நடந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். மழை பெய்த கையோடு மண் ரோட்டில் இறக்கினால் செடான் மாட்டிக்கொள்ளும். கப்பி காயும்வரை இருந்த இடத்திலேயே இருங்கள், அரிசி பருப்பு ஒரு வேளைக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைவாசி

நவம்பருக்கு மேல் ரிம் வேண்டாம், மேற்கே டோனோபா பக்கம் சேடில் மவுண்டன் பி.எல்.எம். நிலம் இருக்கிறது, அங்கே வாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அம்மா அதுவரை இருப்பார்களா?

கத்துக்குட்டி_கூடாரம்

அக்டோபரில் டிக்கெட். மாற்ற முடியுமா என்று அவரே நேற்று கேட்டார்.